பூச்செடிக்கு எதைக் கொடுப்பது? மண்புழு உரம், புண்ணாக்கு, பஞ்சகவ்யம், கடை உரம்: ஓர் ஒப்பீடு

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அத்தை மாடியில் பதினோரு தொட்டி வைத்திருக்கிறார். ஆறு குண்டுமல்லி, மூன்று ரோஜா, ஓர் அடுக்குச் செம்பருத்தி, ஒரு சாமந்தி. போன பங்குனியில் போன் செய்தபோது குரலில் வருத்தம் தெரிந்தது. "இலை மட்டும் கருகருன்னு தழைச்சு நிக்குது. ஒரு அரும்பு கூட இல்லை. நீ வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே நான்கு பொருள்கள் வரிசையாக இருந்தன. ஒரு மூட்டை மண்புழு உரம், ஒரு டப்பாவில் கடலைப் புண்ணாக்கு, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த ஒரு கேன் பஞ்சகவ்யம், நர்சரியில் வாங்கிய ஒரு பாக்கெட் 19:19:19 ரசாயன உரம். ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் சொல்லி வாங்கியது. "இதுல எது நல்லது, அதை மட்டும் சொல்லு" என்றார். மாடித் தோட்டம் போடும் பலரும் என்னிடம் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பதில் ஒரு வார்த்தையில் அடங்காது என்பதால் விரிவாக எழுதுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக மதுரையில் என் மாடியில் இந்த நான்கையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் செடியையும் பறிகொடுத்திருக்கிறேன்.

உரத்துக்கு முன்னால் இரண்டு விஷயம்

முதலில் வெயில். குண்டுமல்லிக்கும் ரோஜாவுக்கும் நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மூன்று மணி நேரம் மட்டும் வெயில் விழும் பால்கனியில் வைத்துவிட்டு எந்த உரத்தை மாற்றினாலும் இலைதான் வரும். ஒரு நாள் காலையிலிருந்து மாலை வரை தொட்டியின் மேல் எப்போது வெயில் வருகிறது, எப்போது போகிறது என்று குறித்துப் பாருங்கள். பலர் மனதில் இருக்கும் கணக்குக்கும் உண்மைக்கும் இரண்டு மணி நேரமாவது வித்தியாசம் இருக்கும்.

இரண்டாவது கவாத்து, அதாவது பழைய கிளைகளை வெட்டிவிடுவது. குண்டுமல்லி புதுத் துளிரின் நுனியில்தான் அரும்பு விடும். பழைய கிளையை வெட்டாமல் விட்டால் புதுத் துளிரும் குறையும், பூவும் குறையும். மல்லி விவசாயிகள் கார்த்திகையில், அதாவது நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் விட்டு மேலே இருப்பதையெல்லாம் வெட்டிவிடுவார்கள். முல்லைக்கு இதே வேலை ஜனவரி கடைசி வாரத்தில். அத்தை மூன்று ஆண்டுகளாக ஒரு கிளையைக் கூட வெட்டவில்லை. "பச்சையா இருக்கறதை எப்படி வெட்டறது" என்றார். அவருடைய மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் வெட்டாத மல்லிக்கு எந்த உரம் என்று பேசுவதில் பலன் இல்லை.

இந்த இரண்டும் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

எதை வைத்து ஒப்பிடுவது

நான் ஐந்து கேள்வி கேட்பேன்.

அதில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எந்த விகிதத்தில் இருக்கின்றன? தழைச்சத்து இலைக்கும் தண்டுக்கும். மணிச்சத்து வேருக்கும் அரும்பு கட்டுவதற்கும். சாம்பல்சத்து பூவின் அளவுக்கும் நிறத்துக்கும் செடியின் தெம்புக்கும். மூன்றும் மூன்று இடத்துக்கும் வேண்டும் என்றாலும், பொதுவாக இப்படிப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்.

எவ்வளவு நாளில் வேலை செய்யும்? அரும்பு வரும் பருவத்தில் செடி பசியாக இருந்தால் மூன்று மாதம் காத்திருக்க முடியாது.

தொட்டி மண்ணுக்கு என்ன செய்யும்? நிலத்தில் தவறு செய்தால் மண் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பத்து, பன்னிரண்டு லிட்டர் மண் கொண்ட தொட்டி பொறுக்காது.

எவ்வளவு வேலை, எவ்வளவு நாற்றம்? அடுக்குமாடிக் குடியிருப்பில் இது சின்ன விஷயம் இல்லை.

அளவு தவறினால் செடி பிழைக்குமா? புதிதாகச் செடி வைப்பவருக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பது என் கருத்து.

விலையைத் தனிக் கேள்வியாக வைக்கவில்லை. பத்துத் தொட்டி வைத்திருப்பவருக்கு நான்குமே கைக்கு எட்டும் விலைதான். வெளியே தெரியாத செலவுகள்தான் கடிக்கும். அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

மண்புழு உரம்

நான்கில் மிகவும் சாதுவானது இது. கொஞ்சம் கூடுதலாகப் போட்டாலும் வேர் கருகாது. மண்ணைப் பொலபொலப்பாக வைக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும். தேங்காய் நார்க்கழிவு கலந்த மண்கலவையில் சத்து என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அந்தத் தொட்டிகளுக்கு மண்புழு உரமோ மக்கிய தொழு உரமோ அடிப்படைச் சாப்பாடு மாதிரி.

சத்தின் அளவு குறைவு. தழைச்சத்து சுமார் ஒன்று முதல் இரண்டு சதவீதம், மற்ற இரண்டும் அதை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். விகிதம் ஓரளவு சமமாக இருப்பதால் இலை பக்கமோ பூ பக்கமோ செடியைத் தள்ளாது. வேகமும் கம்மி. இன்று போட்டால் அடுத்த வாரம் அரும்பு வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு மாதம் இரண்டு கைப்பிடி போதும். மேல்மண்ணை லேசாகக் கிளறி, போட்டு, மூடித் தண்ணீர் விட வேண்டும். மேலே தூவிவிட்டு வெயிலில் காய விட்டால் அதில் இருக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

இதில் தெரியாத செலவு தரம்தான். கரிசல் மண்ணையும் அரைகுறையாக மக்கிய சாணத்தையும் கலந்து விற்பவர்கள் உண்டு. நல்ல மண்புழு உரம் தேயிலைத் தூள் மாதிரி உதிரியாக இருக்கும், முதல் மழை பெய்த மண்வாசனை வரும். சாண வாசனையோ அழுகல் நாற்றமோ வந்தால் வாங்காதீர்கள். கையில் பிடித்தால் சேறு மாதிரி ஒட்டினாலும் வேண்டாம். ஒரு கிலோ பாக்கெட்டாக வாங்கினால் மூட்டை விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும். மூட்டையாக வாங்கினால் அதை மாடிக்கு ஏற்ற ஆள் வேண்டும். அப்புறம், நல்லதுதானே என்று மண்கலவையில் பாதிக்குப் பாதி சேர்த்தால் ஓர் ஆண்டில் மண் இறுகித் தண்ணீர் வடியாமல் நிற்கும். கால் பங்குக்கு மேல் நான் சேர்ப்பதில்லை.

யாருக்கு ஏற்றது: முதல் முறை செடி வைப்பவர்களுக்கு, குழந்தைகளும் நாயும் நடமாடும் மாடிக்கு, வாரக்கடைசியில் மட்டும் செடியைக் கவனிக்க நேரம் கிடைப்பவர்களுக்கு.

கடலைப் புண்ணாக்கு, வேப்பம் புண்ணாக்கு

நம் ஊரில் பூச்செடி என்றாலே புண்ணாக்குத் தண்ணீர்தான். என் பாட்டி காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தது இது. இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பூ வராத செடிகளில் நான் பார்த்த பாதி இந்தப் புண்ணாக்கால் தழைத்து நின்றவை.

கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து ஏழு சதவீதத்தை ஒட்டி இருக்கும். மணிச்சத்து ஒன்றரை, சாம்பல்சத்து ஒன்றேகால் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். வேப்பம் புண்ணாக்கில் தழைச்சத்து ஐந்து, மற்ற இரண்டும் ஒன்று, ஒன்றரை. அதாவது இரண்டுமே முக்கியமாக இலைக்கான உரம்.

இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். நிலத்தில் நிற்கும் குண்டுமல்லிச் செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 10 கிலோ தொழு உரமும், அதோடு தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராமும் கொடுக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். கவாத்து முடிந்ததும் ஒரு பாதி, ஜூன், ஜூலையில் மறு பாதி. தழைச்சத்தைப் போல இரண்டு மடங்கு மற்ற இரண்டும். அந்த 60 கிராம் தழைச்சத்தைக் கடலைப் புண்ணாக்கிலிருந்தே கொடுப்பதானால் சுமார் 860 கிராம் புண்ணாக்கு வேண்டும். அதில் வரும் மணிச்சத்து 13 கிராம், சாம்பல்சத்து 11 கிராம். கேட்டது 120, கிடைப்பது 13. தொட்டிச் செடிக்கு இந்த அளவுகளில் சிறு பங்குதான் தேவை, ஆனால் விகிதம் அதேதான். அத்தை வாரம் தவறாமல் புண்ணாக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார். செடி கேட்டது ஒன்று, கிடைத்தது இன்னொன்று.

அதனால் புண்ணாக்கை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கவாத்து செய்த கையோடு செடி புதிதாகத் துளிர்க்க வேண்டிய நேரத்தில் இதைப் போலக் கைகொடுப்பது வேறில்லை. ரோஜாவை வெட்டிவிட்டு ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை கடலைப் புண்ணாக்குத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், செக்கச்செவேல் என்று துளிர் எழும்பும். துளிர் வந்த பிறகு நிறுத்திவிட வேண்டும். அரும்பு தெரிய ஆரம்பித்த செடிக்கு ஊற்றவே கூடாது.

செய்முறை: நூறு கிராம் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு மூன்று நாள் ஊற விட்டு, தினமும் ஒரு முறை கலக்கி, வடிகட்டி, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்ற வேண்டும். டிகாஷனை விட லேசான நிறம் வந்தால் சரி. ஈரமாக இருக்கும் மண்ணில்தான் ஊற்ற வேண்டும், காய்ந்த மண்ணில் வேண்டாம்.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். மூன்றாவது நாள் வரும் நாற்றம் மாடியோடு நிற்காது. நான் முன்பு இருந்த வாடகை வீட்டில் கீழ்வீட்டம்மா ஒரு நாள் மேலே வந்து, வீட்டில் ஏதோ செத்துக் கிடக்கிறதா என்று கேட்டார். அவருக்கு அன்று விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அன்றைக்கு நான் பட்ட கூச்சம் இன்னும் நினைவிருக்கிறது. மூடி போடாத வாளியில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். ஊற வைக்காமல் கட்டியாக மண்ணில் புதைத்தால் எலி தோண்டும், எறும்பு வரும், மேலே வெள்ளைப் பூஞ்சை படரும். மழை நாளில் ஊற வைத்தால் கரைசல் புளித்துப் போவதைக் கட்டுப்படுத்தவே முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. உரக்கடையில் ஆமணக்குப் புண்ணாக்கும் கிடைக்கும். செடிக்கு நல்லதுதான், ஆனால் நாய்க்கும் மாட்டுக்கும் விஷம். நாய் அதை விரும்பித் தின்னும். வீட்டில் நாய் இருந்தால் அதை வாசலுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

வேப்பம் புண்ணாக்கு இந்தக் கதையில் கொஞ்சம் தனி. அது மெதுவாகக் கரையும், நாற்றம் குறைவு, வேரைத் தாக்கும் நூற்புழுவையும் கரையானையும் தள்ளி வைக்கும். புதிதாகத் தொட்டி நிரப்பும்போது ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி சேர்ப்பதை நான் விடுவதே இல்லை.

பஞ்சகவ்யம்

சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஆகியவற்றோடு வெல்லமோ கரும்புச் சாறோ, இளநீர், பழுத்த வாழைப்பழம் சேர்த்து ஒரு மாதம் ஊற வைத்துத் தயாரிப்பது. கொடுமுடி மருத்துவர் நடராஜன் இதை விவசாயிகளிடம் பரவலாகக் கொண்டுசேர்த்தவர். தெளிக்கும் அளவு நூறு லிட்டர் தண்ணீருக்கு மூன்று லிட்டர். வீட்டுக் கணக்கில் ஒரு லிட்டருக்கு முப்பது மில்லி.

தழை, மணி, சாம்பல் என்ற மூன்று பேரூட்டச் சத்தும் இதில் மிகக் குறைவு. நுண்ணுயிர்களும் வளர்ச்சி ஊக்கிகளும்தான் இதன் பலம். ஆகவே இதைச் சாப்பாடாக நினைக்காமல் சாப்பாட்டோடு சேர்க்கும் ரசம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மண்ணில் தொழு உரமோ மண்புழு உரமோ இருக்கும் செடியில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை தெளித்தால் இலையின் பளபளப்பு மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். வெறும் நார்க்கழிவில் நிற்கும் செடிக்கு இதை மட்டும் தெளித்தால் ஒன்றும் ஆகாது.

பத்துத் தொட்டிக்காக வீட்டில் தயாரிப்பது வீண் வேலை. ஒரு கிலோ நெய், ஏழு கிலோ சாணம் என்று அளவே பெரிது. தினமும் காலையும் மாலையும் கலக்க வேண்டும், பாத்திரம் மண்ணாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்க வேண்டும், உலோகம் கூடாது. தெரிந்தவர் தயாரித்தால் ஒரு லிட்டர் வாங்கிக்கொள்ளலாம். மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டாவிட்டால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். மாலையில் தெளியுங்கள். மலர்ந்த பூ மேல் தெளித்தால் இதழில் கறை விழும், சாமிக்கு வைக்க முடியாது.

கடை உரம்

"ரசாயனம் போட்டால் மண் செத்துவிடும்" என்று ஒரு பக்கம், "19:19:19 போட்டால் பத்து நாளில் பூ" என்று இன்னொரு பக்கம். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதன் பெரிய பலம், உள்ளே என்ன இருக்கிறது என்று பாக்கெட்டிலேயே எழுதியிருப்பது. 19:19:19 என்றால் மூன்று சத்தும் தலா 19 சதவீதம். 13:0:45 என்றால் மணிச்சத்து இல்லை, சாம்பல்சத்து 45. 0:0:50 சாம்பல்சத்து மட்டும். செடிக்கு எது குறைகிறதோ அதை மட்டும் கொடுக்க முடியும். புண்ணாக்கினால் இலையாகத் தழைத்துவிட்ட மல்லிக்கு இதைப் போல வேகமான மருந்து வேறு எதுவும் இல்லை. தண்ணீரில் கரைந்து உடனே வேருக்குப் போவதால் ஓரிரு வாரத்திலேயே மாற்றம் தெரியும்.

பலவீனமும் அதே வேகம்தான். ஒரு முறை என் ரோஜாத் தொட்டியில் ஒரு கைப்பிடி டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் கொண்ட ரசாயன உரம்) போட்டேன். வெள்ளிக்கிழமை போட்டது, செவ்வாய்க்கிழமை இலை ஓரமெல்லாம் பழுப்பாகக் கருகிவிட்டது. ஐந்து ஆண்டு வளர்த்த பன்னீர் ரோஜா. தொட்டி மண்ணைப் போல மூன்று நான்கு மடங்கு தண்ணீர் விட்டு அலசியிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். அது அப்போது எனக்குத் தெரியாது. பிழைக்கவில்லை. இன்றும் டிஏபியைத் தொட்டிக்கு நான் போடுவதில்லை. அதில் மணிச்சத்து 46 சதவீதம், பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு அது அதிகம்.

கரையும் உரம் லிட்டருக்கு இரண்டு கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை. சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். ஸ்பூன் அளவு நம்பகமில்லை, ஒவ்வொரு உரமும் ஒவ்வொரு கனம். அந்தத் தராசும் இந்த உரத்தின் செலவில் சேர்ந்ததுதான்.

கவனிக்காமல் விடும் இன்னொரு செலவு, உப்பு. தொட்டியின் விளிம்பிலும் வடிகால் துளையிலும் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது இரட்டிப்பாகும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தொட்டியின் அடியிலிருந்து நன்றாக வடியும் வரை தண்ணீர் விட்டு அலச வேண்டும். மழைக்காலத்தில் மழையே அதைச் செய்துவிடும்.

போர் தண்ணீரால் மண்ணின் காரத்தன்மை ஏறும் வீடுகளுக்கு இன்னொன்று. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது பசி இல்லை, இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். பலர் இதைப் பார்த்து இன்னும் உரம் போடுகிறார்கள். மணிச்சத்து கூடக் கூட இந்த மஞ்சள் அதிகமாகும். விறகுச் சாம்பல் போட்டாலும் மண்ணின் காரத்தன்மை ஏறி நிலைமை மோசமாகும். உரக்கடையில் கிடைக்கும் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து மாதம் ஒரு முறை இலையில் மாலை வேளையில் தெளித்தால் பச்சை திரும்பும்.

மெதுவாகக் கரையும் உருண்டை உரமும் கடைகளில் கிடைக்கிறது. அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கு வசதி. வெயில் ஏற ஏற அது வேகமாகக் கரையும் என்பதால் பாக்கெட்டில் எழுதியிருக்கும் மாதக் கணக்கு நம் சித்திரை வெயிலுக்குப் பொருந்தாது. எழுதிய அளவில் பாதி போடுங்கள். "பூ கொத்துக் கொத்தாக வரும்" என்று மட்டும் எழுதி, உள்ளே என்ன சத்து என்று எழுதாத சின்னப் பாட்டில்களை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஒரே பார்வையில்

| | மண்புழு உரம் | கடலைப் புண்ணாக்கு | பஞ்சகவ்யம் | கரையும் கடை உரம் |
|---|---|---|---|---|
| முக்கியப் பலன் | மண்ணும் அடிப்படைச் சத்தும் | துளிர், இலை | நுண்ணுயிர், ஊக்கம் | குறைகிற சத்து மட்டும் |
| பலன் தெரிய | இரண்டு மூன்று மாதம் | இரண்டு மூன்று வாரம் | சில வாரம் | ஓரிரு வாரம் |
| நாற்றம் | இல்லை | மிக அதிகம் | ஓரளவு | இல்லை |
| அளவு மீறினால் | பெரிய சேதம் இல்லை | இலை மட்டும் தழைக்கும், வேர் கெடலாம் | இலையில் கறை | வேர் கருகும் |
| தெரியாத செலவு | கலப்படம், சுமை | அக்கம்பக்கத்து மனத்தாங்கல், எலி | தயாரிக்கும் உழைப்பு | தராசு, உப்புப் படிவு |

எந்தச் செடிக்கு எது

குண்டுமல்லிக்கு: கார்த்திகையில் வெட்டியதும் மண்புழு உரம் மூன்று கைப்பிடி, புண்ணாக்குத் தண்ணீர் இரண்டு முறை. தை கடைசியிலிருந்து புண்ணாக்கை நிறுத்திவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை 13:0:45 அல்லது 0:0:50. ரசாயனம் வேண்டவே வேண்டாம் என்பவர்கள் அந்த இடத்தில் வாழைப்பழத் தோலை மக்க வைத்துப் போடலாம். பலன் வரும், ஆனால் ஒரு பருவம் தள்ளி வரும். எலும்புத்தூளும் மெதுவானதுதான், காரத்தன்மை உள்ள மண்ணில் அது இன்னும் மெதுவாகக் கரையும். அதனால் கவாத்தின்போதே போட்டுவிட வேண்டும். அரும்புகள் ஊதா நிறமாக மாறி உதிர்ந்தால் எந்த உரமும் உதவாது, அது பூ ஈ அல்லது மொட்டுப்புழுவின் வேலை. பாதிக்கப்பட்ட அரும்பைப் பறித்துத் தொட்டியில் போடாமல் வெளியே கொண்டுபோய் அழியுங்கள்.

ரோஜாவுக்கு: நான்கில் எது வேண்டுமானாலும் சரி, ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் அவ்வளவுதான். ரோஜா நல்ல பசிக்காரச் செடி. என் மாடியில் மண்புழு உரமும் மாதம் ஒரு முறை 19:19:19-உம்.

செம்பருத்திக்கு: மணிச்சத்து அதிகம் உள்ள எதையும் தவிர்த்துவிடுங்கள். மண்புழு உரத்தோடு கொஞ்சம் சாம்பல்சத்து போதும். மாவுப்பூச்சி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். தழைச்சத்து அதிகமாகி இளசாக இருக்கும் செடியைத்தான் அது முதலில் பிடிக்கும்.

பூ நீடித்து நிற்க

குண்டுமல்லி ஓர் இரவுப் பூ, செம்பருத்தி ஒரு பகல் பூ. அவற்றின் ஆயுளை எந்த உரமும் நீட்டாது. நாம் நீட்டக்கூடியது பூக்கும் பருவத்தை. அதற்கு உரத்தை விடக் கத்தரிக்கோல்தான் பெரிது.

வாடிய ரோஜாவைச் செடியில் விட்டால் அது காய் கட்டப் பார்க்கும், செடியின் பலம் விதைக்குப் போய்விடும். வாடத் தொடங்கியதும், பூவிலிருந்து கீழே வந்து, ஐந்து சிற்றிலை கொண்ட முதல் இலைக்கு மேலே, வெளிப்பக்கம் பார்த்த கணுவில் வெட்டுங்கள். ஆறு வாரம் போல் ஆனால் அதே இடத்திலிருந்து அடுத்த பூ. செண்டுமல்லியிலும் வாடியதைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் மாதக்கணக்கில் பூக்கும். குண்டுமல்லியில் ஒரு அலை பூத்து முடிந்ததும் கிளை நுனிகளை இரண்டு அங்குலம் கிள்ளிவிட்டால் அடுத்த அலை சீக்கிரம் வரும்.

சித்திரை, வைகாசியில் மொட்டு உதிர்வதற்குப் பெரும்பாலும் காரணம், மதியம் காய்ந்து மாலையில் நனையும் மண். காலையிலேயே அடி வரை தண்ணீர் விட்டு, மேலே காய்ந்த இலையாலோ தேங்காய் நாராலோ இரண்டு விரற்கடை மூடாக்கு போடுங்கள். தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் வையுங்கள், கொதிக்கும் தளத்தில் நேராக வைக்காதீர்கள். ரோஜாவுக்கு இந்த இரண்டு மாதம் மட்டும் மேலே நிழல்வலை கட்டலாம். மல்லிக்கு வேண்டாம், அது வெயிலின் பிள்ளை.

பறித்த பூவுக்கும் ஒரு வார்த்தை. குண்டுமல்லி அரும்பை வெயில் ஏறுவதற்கு முன்னால், நன்றாக முற்றி வெள்ளையான பிறகு, மலர்வதற்கு முன் பறியுங்கள். வாழையிலையில் சுற்றி நிழலில் வைத்தால் மாலை வரை வாடாது.

அத்தையின் மாடி

அன்று அத்தையிடம் சொன்னது இதுதான். புண்ணாக்கு டப்பாவைக் கார்த்திகை வரை தொடாதீர்கள். மண்புழு உரம் எல்லாத் தொட்டிக்கும் மாதம் ஒரு முறை. பஞ்சகவ்யத்தை ரோஜாவுக்குத் தெளித்துத் தீர்த்துவிடுங்கள், திரும்ப வாங்க வேண்டியதில்லை. 19:19:19-ஐ ரோஜாவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மல்லிக்கு ஒரு பாக்கெட் 0:0:50 வாங்கி லிட்டருக்கு இரண்டு கிராம். கிளை நுனிகளை அன்றே நானே கிள்ளிவிட்டு வந்தேன். வைகாசி நடுவில் ஆறு தொட்டியும் சேர்ந்து ஒரு முழம் கட்டும் அளவுக்குப் பூத்தது. முழுக் கவாத்தைக் கார்த்திகையில்தான் செய்தோம், அவர் பக்கத்தில் நின்று பார்க்க மாட்டேன் என்று உள்ளே போய்விட்டார். மாசியில் துளிர் நுனி எல்லாம் அரும்பு.

சாமந்தி மட்டும் அப்போது புரியவில்லை. நான்கு உரமும் தின்று நன்றாக வளர்ந்து, முந்தைய மார்கழியில் ஒரு மொட்டு கூட வைக்கவில்லை என்றார். இரவு தங்கியபோதுதான் பார்த்தேன், அந்தத் தொட்டியின் மேல் தெருவிளக்கு விடிய விடிய எரிகிறது. சாமந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும், இரவு நீண்டால்தான் அது மொட்டு கட்டும். ஆவணியில் தொட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நகர்த்தி வைத்தோம். மார்கழி முதல் வாரத்தில் மஞ்சளாகப் பூத்தது, பொங்கல் வரை பூத்துக்கொண்டே இருந்தது.